படத்தின் பின்பக்கம்

துடைப்பத்தைப் படம் பிடித்துப் புத்தகத்தில் ஒட்டிய முதல் மனிதர் யார் என்று கேட்டால், எந்தப் பரீட்சையிலும் எந்த மாணவனுக்கும் பதில் தெரியாது. கேட்கத் தகுந்த கேள்விதானா அது என்று சிலர் கோபித்துக்கொள்ளவும் கூடும். ஆனாலும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பிரதேசத்தில், லேக்காக் அபி என்னும் பழைய மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற கனவான்தான் அவர். 1844-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தம்முடைய தொழுவத்தின் வாசற்புறத்தைப் படம் எடுத்தார். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு. நிலைப்படி ஓரமாக ஒரு நீண்ட துடைப்பம் சாய்ந்திருக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு லாந்தர் தொங்குகிறது. அவ்வளவுதான் படம். ராஜா இல்லை, ராணி இல்லை, கோட்டை கொத்தளம் இல்லை.

டால்பட் சும்மா படத்தை எடுத்து விட்டு இருந்துவிடவில்லை. 'இயற்கையின் எழுதுகோல்' என்று பொருள்படும் பெயரில் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள். ஒவ்வொரு படத்தையும் தனியாகத் தாளில் பதித்து, கையால் ஒட்டி, எதிர்ப் பக்கத்தில் தம் மனத்தில் பட்டதை எழுதினார். தம் வீட்டுப் பீங்கான் கோப்பைகளை அலமாரித் தட்டுகளில் அடுக்கிப் படம் எடுத்து, இவற்றைத் திருடன் கொண்டு போனால் இந்தப் படத்தைக் கோர்ட்டில் சாட்சியாக நிறுத்தலாமே, நீதிபதி என்ன சொல்வாரோ என்று வேடிக்கையாக யோசிக்கிறார். இந்தக் கலை எப்படித் தமக்குத் தோன்றியது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். 1833-இல் இத்தாலியில் கோமோ ஏரிக் கரையில் உட்கார்ந்து இயற்கைக் காட்சியை வரையப் பார்த்தாராம். கருவிகளின் உதவி இருந்தும் கை ஒத்துழைக்கவில்லையாம். கண்ணாடியில் விழுகிற பிம்பம் தானே காகிதத்தில் தங்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எண்ணினாராம். வரையத் தெரியாத ஒருவருடைய மனத்தாங்கலிலிருந்து பிறந்த கலை இது என்பதில் எனக்கு அலாதியான திருப்தி. ஏனென்றால் எனக்கும் வரைய வராது.

அன்றாடம் கண்ணில் படுகிற சாமான்கள் ஒரு பக்கம். சொந்த மனிதரின் சொந்த வார்த்தை இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு இன்று உலகத்தில் கலைக் கூடங்களில் தனி மரியாதை உண்டு. அமெரிக்காவில் 1932-இல் பிறந்த டுவேன் மைக்கேல்ஸ் என்பவர் படத்தின் கீழ் ஓரத்து வெள்ளையில் பேனாவால் எழுதியே புகழ் பெற்றார். ஒரு கட்டிலில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் அவனைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே கையெழுத்தில், அந்த ஒரு பிற்பகலில் எங்களுக்குள் எல்லாம் நன்றாகவே இருந்தது, அவள் என்னை நேசித்தாள், நம்பாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் சாதாரணமான படம். எழுத்தோடு பார்த்தால், அவள் பிறகு போய்விட்டாள் போலும் என்று நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 'போய்விட்டாள்' என்று அவர் எங்குமே சொல்லவில்லை!

இதைப் பெரிய புதுமை என்கிறார்கள். படத்தோடு எழுத்தைச் சேர்ப்பதில் நாம் கொஞ்சம் பழைய கைகள். திருவண்ணாமலைப் பக்கத்தில், செங்கம் வட்டாரத்தில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. வில்லோடும் வாளோடும் நிற்கிற வீரனின் உருவம். அதன் மேலும் பக்கத்திலும் வட்டெழுத்தில் சில வரிகள். இன்ன அரசனுடைய இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், இந்த ஊர் மாடுகளைக் கவர்ந்தபோது பட்டான் என்று சுருக்கமான விவரம். எடுத்தனூரில் உள்ள ஒரு கல்லில் வீரனோடு நாயும் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது எனக்குச் சற்று நேரத்தில் தேவைப்படும்.

காமிரா சென்னை ராஜதானிக்கு வந்தபோது அது செய்த முதல் பெரிய காரியங்களுள் ஒன்று, எழுத்தைப் படம் எடுத்ததுதான். 1856-இல் சென்னையில் போட்டோக்காரர் சங்கம் ஒன்று ஏற்பட்டது. கும்பினிப் பட்டாளத்தில் காப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் அதே வருஷம் ராஜதானிக்குச் சர்க்கார் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே கலகம் அடங்காத சமயம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருக்கிற ராஜராஜனுடைய கல்வெட்டை விடாமல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். படம் முழுவதும் தமிழ் எழுத்து! டிரைப் துரைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்ததோ என்னவோ, விளக்கு வெளிச்சம் மாதிரி ஒவ்வோர் எழுத்தும் துலங்குகிறது.

அந்தக் கல்வெட்டில் அரசன் நேரடியாகத் தன் குரலில் பேசுகிறான். தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுக என்று அருளிச் செய்ததாகக் கல் சொல்கிறது. திருமதில் சுவரிலோ, தளிச்சேரியில் குடியேற்றப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயரும் அவரவருக்கு ஒதுக்கிய வீடும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் என்பதுகூட விடப்படவில்லை. அரண்மனைக் கணக்கனுக்கு இருந்த பொறுமையை நான் பல தடவை வியந்திருக்கிறேன். டிரைப்பின் உத்தியோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், போட்டோவெல்லாம் சர்க்காருக்கு வீண் செலவு என்று அதை மூடிவிட்டார். கவர்னர்கள் மிச்சம் பிடிப்பது எப்போதும் இந்த மாதிரி இலாகாக்களில்தான்.

மற்றோர் இலாகாவில் செலவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. 1868 முதல் 1875 வரை, 'இந்திய ஜனங்கள்' என்ற பெயரில் எட்டுப் பெரிய புத்தகங்கள் லண்டனில் வெளிவந்தன. ஃபார்ப்ஸ் வாட்ஸன், ஜான் கே என்ற இரண்டு அதிகாரிகள் தொகுத்தவை. 468 படங்கள். இன்ன ஜாதியார், இன்ன குணத்தார், நம்பத் தகுந்தவர், தகாதவர் என்று படத்துக்குப் பக்கத்தில் எழுத்து. இதிலும் எளிய மனிதர்கள் இருக்கிறார்கள், எழுத்தும் இருக்கிறது. ஆனால் எழுத்து அவர்களுடையது அல்ல. 1869-இல் லண்டன் சென்றிருந்த ஸர் ஸையத் அகமது கானும் அவர் மகன் மகமூதும் இந்தியா ஆபீஸில் இந்தப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மகமூது பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் ஆங்கிலேய வாலிபன் வந்து, நீ ஹிந்துஸ்தானியா என்று கேட்டானாம். ஆமாம் என்று சொல்லும்போதே பையனுக்கு முகம் மாறி, நான் இந்தப் படத்தில் இருக்கிற ஆதிகுடிகளைச் சேர்ந்தவன் அல்ல என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டானாம். தகப்பனார் அதைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். பையன் சொன்ன பதிலில் இருக்கிற இன்னொரு வருத்தத்தை அவர் கவனித்தாரா என்பது வேறு விஷயம்.

இனி நான் எழுதப் போவது சுகமான சங்கதி அல்ல. 1876-இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை ராஜதானியிலும் மைசூரிலும் பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலும் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொன்னது இதைத்தான். மாண்டவர் தொகையை 55 லட்சம் என்றும் அதற்கு மேல் 80 லட்சம் வரையிலும் மதிப்பிடுகிறார்கள். ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் கூலியைக் குறைத்தார். நெல்லூர், செங்கற்பட்டு ஜில்லாக்களிலும் பசி இருந்தது. பட்டணத்துக்குப் போனால் கஞ்சி கிடைக்கும் என்று ஜனங்கள் சாலை சாலையாக நடந்தார்கள். கல்கத்தாவுக்குப் போகிற வடக்குப் பெருஞ்சாலையிலே, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே இருக்கிற கவரைப்பேட்டை வழியாகவும் அவர்கள் நடந்திருக்க வேண்டும். அப்போது அங்கே ரயில் கிடையாது. சென்னையிலிருந்து கூடூருக்கு ரயில் ஓடியதே 1899-இல்தான். பட்டணம் சேர்ந்தவர்களில் திராணி உள்ளவர்கள் மண் வெட்டினார்கள். அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு 1877-78இல் அப்படி வெட்டப்பட்டதுதான்.

அந்தச் சமயத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி காமிராவோடு நிவாரண முகாம்களுக்குச் சென்றார். 'இந்திய ஜனங்கள்' தொகுதிக்கும் படம் எடுத்துக் கொடுத்தவர் இவர். எலும்பும் தோலுமாய் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்தும் நிறுத்தியும், அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்தார். பெரியவர்கள் பின்னால், குழந்தைகள் முன்னால். கல்யாணத்தில் குடும்பப் படம் எடுப்பதுபோல வரிசை. இந்தப் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. அதனால் இரக்கம் பிறந்து பணமும் வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியுள்ளவர்கள்' என்ற மாதிரித் தலைப்பு. பெயர் இல்லை. ஊர் இல்லை. அந்தக் குழந்தையை மடியில் வைத்திருப்பவள் தாயா, பாட்டியா, அக்காளா, அதுவும் இல்லை. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு செங்கத்துக்காரர்கள் நாய்க்குப் பெயர் எழுதினார்கள் என்று சொன்னேனே!

ஹூப்பரைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட்டு அவரை விட்டுவிடலாம். பர்மாவைப் பிடித்த பிறகு 1886-இல் அவர் மாந்தளேயில் இருந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களைத் துப்பாக்கி வரிசையின் முன் நிறுத்தி, குண்டு பாய்கிற கணத்தைப் படத்தில் பிடிக்கப் பார்த்தார் என்று செய்தி வெளியாகிப் பார்லிமெண்டு வரையில் சந்தி சிரித்தது. விசாரணை நடந்தது, கண்டித்து விட்டார்கள். பஞ்சத்துப் படங்களுக்காக அவரை யாரும் விசாரிக்கவில்லை.

படத்தில் இருக்கிறவர்கள் தாங்களே எழுதுகிற வழக்கம் எப்போது வந்தது? அதற்குத் தபால் இலாகாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். படம் போட்ட தபால் கார்டுகள் பரவின காலத்தில், பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டுமே என்று சட்டம். ஆகவே ஜனங்கள் படத்தின் ஓரத்திலும் வானத்திலும் கடலிலும் எழுதித் தொலைத்தார்கள். சென்னை ஹிக்கின்பாதம்ஸ் விற்ற கார்டுகளில் மௌண்ட் ரோடின் வானத்தில் யாரோ ஒரு துரைசானி வெயிலைத் திட்டியிருப்பாள். 1902-இல் இங்கிலாந்தில் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதி விலாசம், பாதி சேதி என்று அனுமதித்தார்கள். மற்ற தேசங்களும் பின்பற்றின. படத்தின் பின்பக்கம் அன்றுதான் மனிதருக்கு வந்தது. 1914-இல் கோடக் கம்பெனி இன்னும் ஒரு படி போய், ஆட்டோகிராபிக் என்று ஒரு காமிரா விற்றது. முதுகில் ஒரு சிறு கதவு. படம் எடுத்தவுடன் அதைத் திறந்து ஊசி மாதிரியான கம்பியால் எழுதினால், நெகட்டிவிலேயே எழுத்து பதிந்துவிடும். இந்த யோசனையைக் கண்டுபிடித்த ஹென்றி கைஸ்மன் என்பவருக்குக் கம்பெனி மூன்று லட்சம் டாலர் கொடுத்தது. 1930-களின் ஆரம்பத்தில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மக்கள் எழுதச் சோம்பல்பட்டார்கள் போலும்.

நம் பக்கத்தில் காமிரா எல்லோர் கைக்கும் வர வெகு காலம் ஆயிற்று. அது வரையில் ஸ்டூடியோதான். ஸ்டூடியோப் படத்தின் முதுகில் பென்சில்தான். கவரைப்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு படத்தை நான் பார்த்தேன்.

கவரைப்பேட்டை என்றால் சமீப காலத்தில் பலருக்கும் ஞாபகம் வருவது 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு நடந்த ரயில் விபத்து. ஆயுத பூஜை நாள். மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ், நேராகப் போக வேண்டியது, பக்கத்து லைனுக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. தெய்வாதீனமாக உயிர்ச் சேதம் இல்லை. காயம் பட்டவர்கள் உண்டு. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே படம், சரிந்து கிடக்கிற பெட்டிகள். நான் போனது அதற்குச் சில மாதங்கள் கழித்து. சிநேகிதர் ஒருவரின் உறவுக்காரர் வீடு. மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். பகலில் வீட்டில் இருப்பது எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருத்திதான்.

கூடத்தில், நிலைக்கு மேலே, பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாலிபர் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பின்னால் பனிமலை, பக்கத்தில் பூந்தொட்டி. பாட்டியின் புருஷர். 1972-இல் பம்பாய்க்கு மில் வேலைக்குப் போன புதிதில் ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பியது. அசல் படம் கறுப்பு வெள்ளை, சின்னது, மலையும் கிடையாது, நீலமும் கிடையாது. மகள்தான் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வர்ணம் ஏற்றிக்கொண்டு வந்தாள். அசலையும் அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னபோது பாட்டி சம்மதிக்கவில்லை. ஒட்டினால் முதுகு போய்விடும் அல்லவா? டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து எடுத்து, திருப்பிக் காட்டினாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

'கோட்டு ஸ்டூடியோவுடையது. பேனா சிநேகிதனுடையது. செருப்பு மட்டும்தான் என்னுடையது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.'

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அவன் சத்தம் போட்டு வாசித்தான். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்! அதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை; பாட்டியின் சிரிப்பிலிருந்து ஒருவாறு ஊகித்துக்கொண்டேன். அவர் காலமாகி இருபது வருஷம் ஆகிறதாம்.

"செவத்துல இருக்கறது அவுரு மூஞ்சி சார். பொட்டியில இருக்கறது அவுரு பேச்சு" என்றாள் பாட்டி. "மூஞ்சிய யாரு வேணா பெருசு பண்ணலாம்."

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வார்த்தை கொஞ்சம் குத்தும். பிறர் வாயில் பேச்சைப் போட்டு, பிறர் உடம்பில் கோட்டைப் போட்டுப் பிழைக்கிற தொழில் அவனுடையது. எந்தச் செருப்பு யாருடையது என்று அவன் பின்பக்கத்தில் எழுதுவதில்லை.

தமிழர்களில் காமிராவையும் பேனாவையும் ஒரே கையில் பிடித்தவர் என்று முதலில் சொல்ல வேண்டியவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1911-இல் பிறந்தவர். ரங்கூனில் பத்திரிகை நடத்தி, 1930-களின் நடுவில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் போட்டோக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பலில் போகும்போது காந்திஜியைப் பற்றிப் படம் எடுப்பது என்று தீர்மானித்தார். உலகமெங்கும் ஒரு லட்சம் மைல் அலைந்து, சுமார் 50,000 அடிப் படம் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து 1940-இல் சென்னையில் திரையிட்டார். 1943 முதல் 'குமரி மலர்' பத்திரிகை. போன ஊர்களைப் பற்றியெல்லாம் எழுதினார். ஆனால் அவருடைய எழுத்தில் 'நான்' மிகவும் ஒடுங்கி, ரயிலில் ஜன்னலோரத்து இடத்தைப் பிறருக்கு விட்டுக் கொடுத்தவர்போல் உட்கார்ந்திருக்கும். 1983-இல் அவர் காலமானபோது தமிழர் பலருக்கு அவர் முகமே அடையாளம் தெரியாது. இந்த அடக்கம் பெரிய குணம். எனக்கு அதில் ஒரு சின்னக் குறையும் உண்டு. இவ்வளவு பார்த்த மனிதர், கோட்டையூரில் தம் வீட்டுச் சமையற்கட்டை எடுத்து நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா?

தில்லிக்காரரான தயாநிதா சிங் கதை வேறு விதம். 1961-இல் பிறந்தவர். 1989-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகத் தில்லியில் திருநங்கைகளைப் படம் எடுக்கப் போனார். மோனா அகமது என்பவர் அன்போடு வரவேற்று, சாயா கொடுத்து, எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். படங்கள் லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும் திடுக்கிட்டு, அங்கே என் உறவினர் இருக்கிறார்கள், பிலிம் சுருளைக் கொடுத்துவிடு என்றார். தயாநிதா கொடுத்துவிட்டார். வேலை போயிற்று, சிநேகம் நிலைத்தது. 2001-இல் இருவர் உழைப்பிலும் ஒரு புத்தகம் வெளிவந்தது. மோனா ஒரு கபரஸ்தானில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். குழந்தையை எடுத்து வளர்த்தது, பிறந்த நாள் விருந்து வைத்தது, குழந்தையைப் பிரிந்தது எல்லாம் படங்களில் இருக்கின்றன. எழுத்து மட்டும் தயாநிதாவுடையது அல்ல. ஸ்விட்சர்லாந்துப் பிரசுரகர்த்தருக்கு மோனாவே சொல்லி அனுப்பிய கடிதங்கள்தான் புத்தகத்தின் வசனம். கோபம், பொய், பெருமை, புலம்பல் எல்லாம் உள்ளபடி. ஹூப்பரின் அட்டைத் தலைப்புக்கும் இதற்கும் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் தூரம். மோனா 2017-இல் காலமானார். தயாநிதாவுக்கு 2022-இல் ஸ்வீடனின் ஹாஸல்பிளாட் பரிசு கிடைத்தது.

அதே 2022-இல் தயாநிதாவின் பெயரால் ஏற்பட்ட ஒரு போட்டோப் பரிசு முதல் முறையாக ஒரு தமிழ் இளைஞருக்குக் கிடைத்தது. மதுரைப் பக்கத்து ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய கிராமப்புற மக்கள் களஞ்சியத்தில் படமெடுப்பவர். அந்தக் களஞ்சியத்துக்குச் சுருக்கப் பெயர் பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்தவனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் பெயர் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

பழனிக்குமாரின் தாயார் மீன் விற்றவர். மகன் காமிரா கைக்கு வந்ததும் கோயில் கோபுரத்தைத் தேடிப் போகவில்லை, அம்மாவை எடுத்தார். விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போவதையும், மீன் வாங்குவதையும், தெருவில் விற்பதையும் எடுத்து, அந்த வாழ்க்கையைத் தாமே எழுதினார். எழுத்தில் அலங்காரம் கிடையாது. 'அம்மா' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மீன்காரி ஒருத்தி என்று வேறு யாராவது எடுத்திருந்தால் அழகான படம் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். பிள்ளை எடுத்தபோது யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ராமநாதபுரம் பாரதி நகரில் கடல்பாசி எடுக்கிற பெண்களை அவர் எடுத்திருக்கிறார். பாறை கிழிக்காமல் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்குகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. எத்தனை வயதில் கடலில் இறங்கினார்கள், என்ன விலை கிடைக்கிறது என்பதும் இருக்கிறது. தஞ்சைக் கோயில் மதிலை எனக்கு நினைவூட்டியது அதுதான். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை 2023-இல் சென்னையில் கண்காட்சியாக வைத்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. தொழிற்சாலை வாசலில் வளர்கிற பிள்ளைகளை வெளியூர்க்காரர்கள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளே எடுத்தவை அவ்வளவு இல்லை.

2017-இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' என்ற ஆவணப் படத்துக்கும் பழனிக்குமார்தான் ஒளிப்பதிவு. மனிதர் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் மறுபடி ஒரு சட்டம். சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அதை வாங்குவதற்கு இறந்தவர் இன்னார், இந்த வேலைக்குத்தான் இறங்கினார் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பீங்கான் கோப்பைக்குப் படம் சாட்சியாகுமா என்று டால்பட் விளையாட்டாகக் கேட்டதை, இந்த வீடுகளில் விளையாட்டாகக் கேட்க முடியாது.

அப்படி இறந்தவர்களின் வீடுகளுக்குப் பழனிக்குமார் போனார். சுவரில் தகப்பனின் படம், மாலை, கீழே குழந்தை. அந்தக் குழந்தைகளை எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது அவர் கொடுத்த தலைப்பு 'நானும் ஒரு குழந்தை'. இந்தத் தலைப்பில் 'நான்' என்று சொல்வது காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவர் அல்ல; முன்னால் நிற்கிறவர்.